கிழமை என்பது உரிமை

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பம் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)



பல ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் தொலைபேசியில் பேசினார். "அடுத்த கிழமை வாறன்" என்றார். "எந்தக் கிழமை?" என்று கேட்டேன். "அதுதான் சொன்னனே, அடுத்த கிழமை எண்டு" என்றார். நான் திங்களா செவ்வாயா என்று காத்திருந்தேன். அவரோ வாரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஈழத்தமிழர் பேச்சில் கிழமை என்றால் ஏழு நாள் கொண்ட வாரம். தமிழ்நாட்டில் அது வாரத்தின் ஒரு நாள். ஒரே சொல் கடலின் இரு கரையிலும் இரண்டு அளவாக நிற்கிறது. அன்று தொடங்கிய தேடலைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உலக மொழிகளில் உள்ள கிழமைப் பெயர்கள் பார்வைக்குப் பலவகை: கோள், கடவுள், எண், சந்தை, நோன்பு, குளியல். இவை எல்லாமே ஒரே கேள்விக்கான விடைகள். "இந்த நாள் யாருக்கு உரியது?" என்பதுதான் அந்தக் கேள்வி. விடை மாறும்போது பெயரும் மாறியிருக்கிறது. பெயரை மாற்றினால் உரிமையையும் மாற்றிவிடலாம் என்று அரசுகளும் சமயங்களும் முயன்றிருக்கின்றன. இதை ஆறு கூறுகளாக விளக்க விரும்புகிறேன்.

1. சொல்லுக்குள் இருக்கும் விளக்கம்

ஆறாம் வேற்றுமையின் பொருள் என்ன என்று கேட்டால் இலக்கணம் படித்த மாணவர் உடனே சொல்வார்: கிழமைப் பொருள். இராமனது வில், சாத்தனது கை என்னும்போது வில்லும் கையும் ஒருவருக்கு உரியவை. அந்த உடைமைத் தொடர்புக்கு நம் இலக்கணிகள் வைத்த பெயர் கிழமை. கிழான், கிழவன், கிழத்தி ஆகியவை உரியவரைக் குறித்த சொற்கள். நிலக்கிழார் என்று இன்றும் எழுதுகிறோம்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை என்பதன் நேர்ப்பொருள் ஞாயிற்றுக்கு உரிமையான நாள். ஆங்கிலத்தில் 'டே' என்றால் வெறும் நாள். வடமொழியில் 'வாரம்' என்பது முறை வருதலைச் சுட்டுகிறது. தமிழோ பொதுச்சொல்லிலேயே 'இது ஒருவருக்குச் சொந்தம்' என்று எழுதி வைத்திருக்கிறது. பிற மொழிகளில் தோண்டி எடுக்க வேண்டிய கருத்து நமக்கு நாவின் நுனியில் கிடக்கிறது. ஒரு பண்பாட்டின் கிழமைப் பெயர்களைப் படிக்கும்போது, அந்தச் சமூகத்தில் காலம் யாருடைய சொத்தாக இருந்தது என்பதையே படிக்கிறோம்.

2. கோளுக்கு உரிய நாள்

ஞாயிற்றுக்குப் பின் ஏன் திங்கள்? திங்களுக்குப் பின் ஏன் செவ்வாய்? வானத்தில் இவை இந்த வரிசையில் இல்லை. விடை உங்கள் வீட்டுச் சுவரிலேயே தொங்குகிறது.

தினசரி காலண்டரைக் கழற்றி அட்டையின் பின்புறத்தைப் பாருங்கள். பல காலண்டர்களில் ஓரை அட்டவணை அச்சிட்டிருக்கும். கடை திறக்கவும் நகை வாங்கவும் சுக்கிர ஓரை பார்ப்பவர்கள் இந்த அட்டவணையைத்தான் பார்க்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வரிசையில் விரலை வையுங்கள். காலை முதல் மணி சூரியன். அடுத்து சுக்கிரன், புதன், சந்திரன், சனி, குரு, செவ்வாய். எட்டாம் மணியில் மீண்டும் சூரியன்.

இது பழங்கால வானியலார் கண்ட வேக வரிசை. வானத்தை ஒருமுறை சுற்றிவரச் சனிக்கு ஏறத்தாழ 29 ஆண்டு, வியாழனுக்கு 12 ஆண்டு, செவ்வாய்க்கு 2 ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. பிறகு சூரியன், வெள்ளி, புதன். எல்லாவற்றிலும் விரைந்தது 27 நாளில் சுற்றிவரும் திங்கள். மெதுவாகச் செல்வது தொலைவில் இருக்கிறது, விரைந்து செல்வது அருகில் இருக்கிறது என்று அவர்கள் கொண்டார்கள். ஒவ்வொரு மணி நேரத்தையும் ஒவ்வொரு கோளுக்கு இந்த வரிசைப்படியே பங்கிட்டார்கள்.

விரலை மேலும் நகர்த்துங்கள். சூரியனுக்கு 1, 8, 15, 22ஆம் மணிகள். 23ஆம் மணி சுக்கிரனுக்கு, 24ஆம் மணி புதனுக்கு. நாள் முடிந்தது. 25ஆம் மணி, அதாவது மறுநாள் விடியலின் முதல் மணி, சந்திரனுக்கு. முதல் மணிக்கு உரியவரே அந்த முழு நாளுக்கும் உரியவர். திங்கட்கிழமை பிறந்துவிட்டது. இதே கணக்கைத் தொடர்ந்தால் செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி என்று வரிசை தானாக விழும்.

இந்தக் கணக்கை 3ஆம் நூற்றாண்டில் உரோம வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ விளக்கியிருக்கிறார். 499இல் இயற்றப்பட்ட ஆரியபட்டீயம், ஓரைகளின் தலைவர்களை வேக வரிசையில் எண்ணினால் ஒவ்வொரு நான்காவதும் நாளின் தலைவன் ஆகிறது என்கிறது. ஓரை என்ற சொல்லே கிரேக்க 'ஹோரா'விலிருந்து வந்தது. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரத்துச் சுவரொன்றில் கடவுளரின் நாள்கள் இந்த வரிசையில் கீறப்பட்டிருக்கின்றன. இந்தியாவில் கிழமையோடு காலம் குறித்த மிகப் பழைய கல்வெட்டு மத்தியப் பிரதேசத்து ஏரண் என்னும் ஊரில் உள்ளது. புதகுப்த மன்னன் காலத்தைச் சேர்ந்தது, ஆண்டு 484, கிழமை வியாழன்.

தமிழில் 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தரின் கோளறு பதிகம் கோள்களை அடுக்கும்போது, வானத்து வேக வரிசையில் அடுக்கவில்லை. ஞாயிறு முதல் சனி வரை கிழமை வரிசையிலேயே அடுக்கி, இரண்டு பாம்புகளைக் கடைசியில் சேர்க்கிறது. நம்மவர் நாவில் அதற்குள் வாரம் குடியேறிவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஐரோப்பாவில் பெயர்கள் நின்றன, பெயரைப் பெற்றெடுத்த கணக்கு அன்றாட வழக்கிலிருந்து போய்விட்டது. நம் காலண்டர் அட்டையில் அந்தக் கணக்கு இன்றும் ஓடுகிறது.

3. ஊர்தோறும் பெயர் மாற்றிக்கொண்ட உரிமையாளர்

கோள்களின் வாரம் பயணம் போன இடமெல்லாம் உள்ளூர்ப் பெயர் சூட்டிக்கொண்டது. உரோமர் செவ்வாயைப் போர்க்கடவுள் மார்சுக்குக் கொடுத்தார்கள்; செருமானிய இனத்தார் 'தீவ்' என்னும் தங்கள் போர்க்கடவுளுக்குக் கொடுத்தார்கள். 'டியூஸ்டே' வந்தது. புதனின் இடத்தில் ஓடின் என்னும் வோடன் அமர்ந்தார், 'வென்ஸ்டே' ஆனது. இடி முழக்கும் யூபிட்டருக்கு ஈடாக இடிக்கடவுள் தோர், 'தர்ஸ்டே'. வெள்ளி என்னும் வீனசின் இடத்தில் ஃபிரிக் என்னும் தெய்வம், 'ஃபிரைடே'. சனிக்கு மட்டும் ஈடு காட்டாமல் ஆங்கிலம் உரோமப் பெயரையே வைத்துக்கொண்டது. வேல்ஸ் மொழியோ ஏழு பெயரையும் உரோமர் கொடுத்தபடியே இன்றுவரை காத்துவருகிறது.

கிழக்கே போன கதை இன்னும் சுவையானது. அமோகவச்சிரர் என்னும் பௌத்தத் துறவி இலங்கைக்கும் சென்று நூல்கள் திரட்டிச் சீனம் திரும்பியவர். அவர் சீனத்தில் தந்த கோள்நூல் ஒன்றுக்கு 764இல் அவருடைய மாணவர் உரை எழுதினார். இன்று என்ன கிழமை என்று மறந்துவிட்டால், நடு ஆசியாவின் சோக்திய வணிகரையோ பாரசீகரையோ இந்தியரையோ கேளுங்கள், அவர்கள் எல்லோருக்கும் தெரியும் என்பது அந்த உரை தரும் யோசனை. சீனருக்குக் கிழமை அன்று அயலார் அறிவாக இருந்தது. சோக்தியர் ஞாயிற்றை 'மீர்' என்பார்கள். அந்த ஓசையைச் சீனர் 'மி' என்று ஒரே எழுத்தில் எழுதினார்கள். அந்த எழுத்து சப்பானுக்கும் போனது. ஆயிரம் ஆண்டுக்கு முன் வாழ்ந்த அமைச்சர் ஃபுஜிவாரா நோ மிச்சினாகாவின் நாட்குறிப்பு எழுதப்பட்ட பஞ்சாங்கச் சுருளில் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த 'மி' குறித்திருப்பதைக் காணலாம். நடு ஆசிய வணிகர் வணங்கிய ஞாயிறு, சப்பானிய அரண்மனைத் தாளில் ஒற்றை எழுத்தாக உட்கார்ந்திருக்கிறது.

சப்பானியர் கோள்களைச் சீனத்திலிருந்து வந்த ஐம்பொருள் முறைப்படி அழைத்தார்கள். செவ்வாய் நெருப்பு, புதன் நீர், வியாழன் மரம், வெள்ளி பொன், சனி மண். 1876இல் ஞாயிறு அரசு விடுமுறையானபோது இந்தப் பழைய பெயர்களே வழக்குக்கு வந்தன.

தமிழ் என்ன செய்தது? கண்ணால் கண்டதைச் சொன்னது. செந்நிறமாகத் தெரிந்தது செவ்வாய்; வெண்மையாக ஒளிர்ந்தது வெள்ளி. சங்கப் பாடல்கள் வெள்ளியின் போக்கை மழையோடும் வறட்சியோடும் சேர்த்துப் பேசுகின்றன. வெள்ளி தென்திசை சென்றால் பஞ்சம் என்று அஞ்சினார்கள். வாரம் இங்கே வந்தபோது பெயர்கள் வானில் ஏற்கெனவே காத்திருந்தன. புதனும் சனியும் வடமொழிப் பெயர்களாக வந்து நிலைத்தன. அவற்றுக்கு அறிவன், காரி என்ற பெயர்களைத் தனித்தமிழ் நாள்காட்டிகள் இடுகின்றன.

4. ஒரு நாளுக்கு உரிய ஆறு நாள்கள்

கோளைக் கடவுளாக ஏற்காத சமயங்கள் எண்ணை நாடின. எபிரேய மொழியில் ஞாயிறு முதல் நாள், திங்கள் இரண்டாம் நாள். வெள்ளி ஆறாம் நாள். ஏழாவதற்கு மட்டும் எண் இல்லை. அதற்குப் பெயர் உண்டு: சபாத், ஓய்வு. எண்ணுக்கு உரிமையாளர் கிடையாதே, என் கருத்து இங்கே பொருந்துமா என்று நீங்கள் கேட்கலாம். பாரசீகத்தைப் பாருங்கள். சனி 'ஷன்பே', சபாத்தின் திரிபு. ஞாயிறு 'யெக்ஷன்பே', திங்கள் 'தோஷன்பே'. 'யெக்' ஒன்று, 'தோ' இரண்டு. சபாத்திலிருந்து எத்தனையாவது நாள் என்பதே ஞாயிறு முதல் வியாழன் வரை ஒவ்வொரு நாளுக்கும் முகவரி. அந்த ஐந்து நாளும் தமக்கென்று பெயர் இல்லாமல் ஏழாம் நாளின் நிழலில் நிற்கின்றன. இதைவிட முழுமையான உரிமை வேறு உண்டா?

அரபு மொழியும் ஒன்று, இரண்டு என்று எண்ணிவந்து வெள்ளியில் நின்று 'ஜும்ஆ', கூடுதல், என்கிறது. தொழுகைக்குக் கூடும் நாள் அது. கிரேக்கத்தில் ஞாயிறு 'கிரியாக்கி', ஆண்டவருடையது. வெள்ளி 'பரஸ்கெவி', சபாத்துக்கு ஆயத்தம் செய்யும் நாள். 6ஆம் நூற்றாண்டில் பிராகா நகர ஆயர் மார்ட்டின், கிறித்தவர் தங்கள் நாள்களைப் பழந்தெய்வங்களின் பெயரால் அழைப்பதைக் கண்டித்து எழுதினார். இன்று போர்த்துகீசியத்தில் திங்கள் 'செகுந்தா ஃபெய்ரா', இரண்டாம் நாள். மேற்கு ஐரோப்பாவின் பெரிய மொழிகளில் கோள்களை இப்படி முற்றாக விலக்கியது போர்த்துகீசியமே. வியட்நாமிய மொழியிலும் திங்கள் இரண்டாம் நாள், சனி ஏழாம் நாள், ஞாயிறு ஆண்டவர் நாள். ஐசுலாந்தில் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹோலார் ஆயர் யோன் ஓக்முந்தர்சன் தோரையும் ஓடினையும் கிழமைகளிலிருந்து நீக்கினார் என்பது மரபு. இன்றும் அங்கே செவ்வாய் மூன்றாம் நாள், புதன் வார நடுநாள், வியாழன் ஐந்தாம் நாள், வெள்ளி நோன்பு நாள்.

எண்ணிலும் சிக்கல் உண்டு. போர்த்துகீசியருக்கும் அரபியருக்கும் வியட்நாமியருக்கும் 'இரண்டாம் நாள்' திங்கள். ரசியருக்கும் சீனருக்கும் அது செவ்வாய். எந்த நாளைத் தலைவனாக வைத்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதில்தான் இந்த வேறுபாடு பிறக்கிறது. எண்ணும் ஒருவரின் பக்கம் நின்றுதான் எண்ணப்படுகிறது.

5. சந்தைக்கும் உடலுக்கும் உரிய நாள்

வானத்தையும் மறையையும் விட்டு மண்ணுக்கு வருவோம். நைசீரியாவின் இக்போ மக்களின் வாரத்துக்கு நான்கே நாள்: எகே, ஓரியே, அஃபோ, ங்க்வோ. ஒவ்வொன்றும் சந்தை கூடும் நாள். ங்க்வோ நாளில் பிறந்த ஆண்மகன் ஒக்கொன்க்வோ. சினுவா அச்செபே 1958இல் வெளியிட்ட நாவலின் நாயகன் பெயர் இதுவே. கானாவின் அக்கான் மக்களோ ஏழு நாள் வாரத்தில் பிறந்த கிழமையையே பெயராக இடுவார்கள். ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னான் 1938 ஏப்ரல் 8, வெள்ளிக்கிழமை பிறந்தவர். கோஃபி என்றால் வெள்ளியன்று பிறந்தவன். இங்கே உரிமை திரும்பி நிற்கிறது. நாள் மனிதருக்கு உரியது என்பது போய், மனிதர் நாளுக்கு உரியவர் ஆகிறார்.

சாவகத்தில் ஏழு நாள் வாரத்தோடு ஐந்து நாள் சந்தை வாரமும் சேர்ந்து சுழல்கிறது. அதன் பெயரே 'பசாரான்'. 'பசார்' என்றால் சந்தை. இரண்டும் மீண்டும் சந்திக்க 35 நாள் ஆகும். தஜிகிஸ்தானின் தலைநகர் துஷன்பே, பொருள் திங்கட்கிழமை. திங்கள்தோறும் சந்தை கூடிய சிற்றூர் அது. 1929இல் அதற்கு ஸ்டாலினாபாத் என்று பெயரிட்டார்கள். 1961இல் திங்கட்கிழமை திரும்பி வந்தது. நம் சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை இருக்கிறது, குமரி மாவட்டத்தில் வெள்ளிச்சந்தை இருக்கிறது, புனேயில் கிழமைப் பெயர் தாங்கிய பேட்டைகள் வரிசையாக இருக்கின்றன.

வயிறும் தோலும்கூட நாளுக்கு உரிமை கோரியிருக்கின்றன. ஐரிசு மொழியில் புதன் 'முதல் நோன்பு', வெள்ளி 'நோன்பு', இடைப்பட்ட வியாழனின் பெயர் 'இரு நோன்புகளின் நடுநாள்'. ஸ்காண்டிநேவிய மொழிகளில் சனிக்கிழமையின் பெயர் 'குளியல் நாள்'. இதைப் படித்தபோது எங்கள் வீட்டுக் கிணற்றடி என் நினைவுக்கு வந்தது. சனிக்கிழமை காலை, வெதுவெதுப்பான நல்லெண்ணெய், சீயக்காய்த் தூள், பெரிய செம்புப் பானையில் வெந்நீர். ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் என்பது எங்கள் பாட்டியின் சட்டம். பனிநாட்டாரும் நாமும் ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே நாளை உடம்புக்குக் கொடுத்திருக்கிறோம். அவர்கள் அதைப் பெயராக்கினார்கள், நாம் வழக்கமாக்கினோம்.

6. அரசு கைவைத்த கிழமை

புரட்சிக்காலப் பிரான்ஸ் 1793இல் ஏழு நாள் வாரத்தை ஒழித்துப் பத்து நாள் கூறுகளை அமைத்தது. நாள்களுக்கு முதலாவது, இரண்டாவது என்று எண்ணுப் பெயர்கள். பத்தாம் நாளே ஓய்வு. திருச்சபையிடமிருந்து ஞாயிற்றைப் பறிப்பது நோக்கம். உழைப்பவருக்கு ஏழு நாளுக்கு ஒருமுறை கிடைத்த ஓய்வு பத்து நாளுக்கு ஒருமுறை ஆனது. 1806 சனவரி முதல் நாளன்று அந்த நாள்காட்டியே கைவிடப்பட்டது.

சோவியத் அரசு 1929இல் ஐந்து நாள் தொடர் உழைப்பு வாரத்தைக் கொண்டுவந்தது. தொழிலாளருக்கு மஞ்சள், இளஞ்சிவப்பு, சிவப்பு, ஊதா, பச்சை என்று நிறங்கள். நிறத்துக்கு ஒரு ஓய்வுநாள். ஆலை நிற்காது. கணவனுக்கு ஒரு நிறம், மனைவிக்கு வேறு நிறம் என்றால் இருவரும் சேர்ந்து வீட்டில் இருக்கும் நாளே இல்லை. 1931இல் ஆறு நாள் வாரம். 1940இல் ஏழு நாள் வாரம் திரும்பியது. ரசிய மொழியில் ஞாயிற்றின் பெயர் 'உயிர்த்தெழுதல்'. அந்தப் பெயர் இவ்வளவுக்கும் நடுவில் மாறவே இல்லை.

இலங்கையில் 1966 முதல் 1971 வரை ஞாயிறு விடுமுறை நீக்கப்பட்டு, பிறைக் கணக்கில் வரும் போயா நாள்கள் வார விடுமுறை ஆயின. நிலவின் கால் சுற்று ஏழு நாளுக்குச் சற்றுக் கூடுதல். அதனால் சில வாரங்கள் நீண்டன; விடுமுறை ஒவ்வொரு முறையும் வேறு கிழமையில் விழுந்தது. வெளியுலக வணிகத்தோடு ஒத்துப்போக முடியாமல் ஞாயிறு திரும்பியது. அப்போதும் யாழ்ப்பாணத்தார் வாரத்தைக் 'கிழமை' என்றே சொல்லிவந்தார்கள்.

தேதியை வெட்டலாம், கிழமையை வெட்ட முடியாது என்பதற்கு 1582 சான்று. போப்பாண்டவர் கிரகோரி நாள்காட்டியைத் திருத்தியபோது அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆனது. பத்துத் தேதிகள் மறைந்தன. ஆனால் 4ஆம் தேதி வியாழன், 15ஆம் தேதி வெள்ளி. சங்கிலியில் ஒரு கண்ணியும் அறவில்லை. அறாத இந்தச் சங்கிலிதான் நம் கல்வெட்டு அறிஞர்களுக்குக் கைவிளக்கு. சோழர் கல்வெட்டில் நட்சத்திரமும் திதியும் கிழமையும் சேர்ந்து வந்தால், எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை தயாரித்த அட்டவணைகளை வைத்து அந்த நாளைத் துல்லியமாகக் கண்டுவிடலாம். அரசனின் ஆட்சியாண்டு ஐயத்துக்கு இடம் தரும்போது, சாட்சி சொல்ல வருவது கிழமை.

நிறைவாக

கோள், கடவுள், சபாத், சந்தை, அரசு என்று உரிமையாளர்களைப் பார்த்தோம். உழைப்பவர் எங்கே? சமூகச் சீர்திருத்தவாதி சோதிராவ் புலேயின் தோழர் நாராயண் மேகாசி லோகண்டே 1884இல் பம்பாய் ஆலைத் தொழிலாளரைத் திரட்டி வார விடுமுறை கேட்டார். மராட்டிய மண்ணில் ஞாயிறு கண்டோபா தெய்வத்துக்கு உகந்த நாள். ஆறாண்டுப் போராட்டத்துக்குப் பின் 1890இல் ஆலை முதலாளிகள் இணங்கினார்கள். தெய்வத்தின் நாள் தொழிலாளரின் நாளாகவும் ஆனது.

இதன் உயிருள்ள சான்று நம் தெருவிலேயே இருக்கிறது. செவ்வாய்க்கிழமை முடிதிருத்தும் கடைக்குப் போய்ப் பாருங்கள், பெரும்பாலும் பூட்டியிருக்கும். செவ்வாயன்று முடி வெட்டலாகாது என்பது மக்கள் நம்பிக்கை. வானத்தில் சிவப்பாகத் தெரிந்த ஒரு கோளுக்கு உரிய நாள், பொம்பெயிச் சுவரையும் ஏரண் கல்வெட்டையும் காலண்டர் அட்டையையும் கடந்து வந்து, ஆறு நாள் நின்றபடியே உழைத்த ஒருவருக்குக் கால் நீட்டி உட்காரும் உரிமையாகியிருக்கிறது.

ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரின் ஏழு கிழமைகளையும் ஒரு தாளில் எழுதுங்கள். சந்தை எந்த நாள், கறி எடுப்பது எந்த நாள், எண்ணெய்க் குளியல் எந்த நாள், எந்தக் கடை எந்த நாள் பூட்டும் என்று கேட்டுக் குறியுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, இந்த நாள் யாருக்கு உரியது என்று எழுதுங்கள். பிறகு உங்கள் வீட்டு அடுப்படியில் நிற்பவரிடம் போய், ஏழில் எந்த நாள் அவருடையது என்று கேளுங்கள். அந்த இடம் காலியாக இருந்தால், அதை நிரப்பும்வரை கிழமை என்ற சொல்லை நாம் முழுதாகப் புரிந்துகொண்டோம் என்று சொல்ல முடியாது.